ஒரு சொம்புக் கூழ்

"ஒரு சொம்புதானே ரஞ்சிதா, குடிச்சிடும்மா. ஆத்தா வாக்குக்கு ஊரே காத்துக்கிட்டிருக்குது," என்றார் கோயில் தர்மகர்த்தா வெள்ளைச்சாமி.

ரஞ்சிதா பின்வாங்கினாள். "வேணாங்க மாமா. போன வருசம் பட்டதே போதும்."

போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்த அந்த ஊருக்கு மருமகளாக வந்ததிலிருந்து ஒவ்வோர் ஆடித் திருவிழாவிலும் அப்படித்தான். படையல் கூழைக் குடித்ததும் அவள் முகம் செக்கச்செவேலென்று சிவக்கும். நெஞ்சு படபடக்கும். தலை சுற்றித் தள்ளாடுவாள், வாய்க்கு வந்ததை உளறுவாள். ஆத்தா வந்துவிட்டாள் என்று ஊர் காலில் விழும். போன ஆடியில் மூச்சே திணறி, அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் வேனில் போட்டுக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

"அது ஆத்தா இல்லீங்க மாமா. ஹிஸ்டமின்னு ஒண்ணு உடம்புல சேர்ந்துபோவுதாம். புளிச்சது, பழசு ஆகாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அதையெல்லாம் ஒதுக்கி, மாத்திரை போட ஆரம்பிச்சப்புறம் நல்லா இருக்கேன். கம்பெனிக்கு லீவே போடறதில்லை."

"டாக்டரம்மாவுக்கு ஆத்தாளைப் பத்தி என்னா தெரியும்?" கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். "சாமி குத்தம் ஆயிடும். மழை பெய்யாது!"

ரஞ்சிதா மாமியார் கருப்பாயியைப் பார்த்தாள். செவ்வாய், வெள்ளி தவறாமல் விரதம் இருப்பவள். ஆஸ்பத்திரியில் கூடவே உட்கார்ந்திருந்தும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போதும் மருமகளுக்கு முகம் கொடுக்காமல் விறுவிறுவென்று வந்து, வெள்ளைச்சாமியின் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கினாள்.

ரஞ்சிதாவுக்குக் கண் கலங்கியது. 'அத்தையே புகட்டப்போறாங்க.'

கருப்பாயி சொம்பைத் தன் வாயில் கவிழ்த்துக்கொண்டாள். மறுநொடி கொண்டை அவிழ்ந்தது. "டேய்ய்!" என்ற அலறலில் பம்பைக்காரரே அடிப்பதை நிறுத்திவிட்டார்.

"இனிமே அவ மேல வரமாட்டேன்டா! அவளுக்குக் கூழ் ஊத்தாதீங்க! கருவாடு, ஊறுகாய், நேத்து வெச்ச குழம்பு, எதையும் கண்ணுல காட்டாதீங்க! அன்னன்னிக்கு ஆக்கினதைச் சூடாப் போடுங்க!"

"உத்தரவு தாயே! இனிமே யாரும் அவளை வற்புறுத்த மாட்டோம்." வெள்ளைச்சாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஊரே தரையில் விழுந்தது.

உடம்பெல்லாம் சிலிர்க்க, ரஞ்சிதாவும் ஆத்தாளின் காலில் விழுந்தாள். திருநீறு பூசக் குனிந்த கருப்பாயி அவள் காதோரம் கிசுகிசுத்தாள்:

"டாக்டரம்மா சொன்னதுல தக்காளியை விட்டுட்டேன்டி. இன்னொருவாட்டி ஆடட்டுமா?"