ஐந்தாவது டம்ளர்

மரியபுஷ்பம் காபி டம்ளரைச் சட்டென்று ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். வாசலில் பையோடு நின்ற மகள் நிம்மி அதைப் பார்த்துவிட்டாள்.

“திருட்டுத்தனமா குடிக்கிறியா மம்மி? அறுபத்தெட்டு வயசுல?”

பெங்களூரிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கி, நேரே வீட்டுக்கு வந்திருந்தாள் நிம்மி. போன ஞாயிறு பூசையின் நடுவே மரியபுஷ்பத்துக்கு நெஞ்சு படபடத்துக் கண் இருட்டியது. இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது என்றார் டாக்டர். ஒரு நாளைக்கு ஒரே காபி, அதுவும் வெறும் வயிற்றில் கூடாது என்று எழுதியே கொடுத்திருந்தார்.

“டாக்டர் சொன்னதை இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டாச்சா?”

“ஒரு வாய்தான்டி.”

“முதல் காபியா இது?”

நிம்மி திரைக்குப் பின்னாலிருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். சிங்க்கில் நான்கு டம்ளர்கள் கிடந்தன. நான்கிலும் காபி நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. மணி இன்னும் பதினொன்றுகூட ஆகவில்லை.

அப்பா பெர்னார்டுக்கு வயிற்றுப் புண். காபியைத் தொட்டு இருபது வருடம் ஆகிறது. ஆனால் மனைவிக்குப் போட்டுக் கொடுப்பது அவர்தான். கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே, “இத்தனை வருஷம் நீ அடுப்படியில நின்னது போதும் புஷ்பம், இனிமே உன் காபி என் பொறுப்பு” என்று ஃபில்டரைக் கையில் எடுத்தவர்.

பின்னாலேயே வந்த அம்மாவிடம் பொரிந்தாள் நிம்மி. “அவர் குடுத்தா நீ வாங்கிக் குடிச்சுடுவியா? வேண்டாம்னு சொல்ல வாய் இல்லையா?”

“ஒரு நாள் சொன்னேன். அவர் முகம் அப்படியே விழுந்துபோச்சு நிம்மி. என்னால பார்க்க முடியல.”

“முகம் விழுந்தா விழட்டும். நீ விழுந்தா நாங்க என்ன பண்றது?”

“சும்மா கத்தாதே. அவர் காதுல விழும்.”

நிம்மி காபியைச் சிங்க்கில் கொட்டினாள். நிமிர்ந்தபோது அலமாரி கண்ணில் பட்டது. சர்க்கரை, உப்பு, காபித்தூள் என்று ஒவ்வொரு டப்பாவிலும் அம்மாவின் கையெழுத்தில் புதிதாகச் சீட்டு ஒட்டியிருந்தது. நாற்பது வருடம் புழங்கிய சமையலறை. அம்மாவுக்கு உண்மையிலேயே வயதாகிவிட்டது, மறதியும் வந்துவிட்டது என்று நினைத்து வேதனைப்பட்டாள். அந்த வேதனையெல்லாம் அப்பா மேல் கோபமாகத் திரும்பியது.

“இந்த நிலைமையில இருக்கிறவளுக்குக் காபியா ஊத்திக் குடுக்கறார்? இன்னைக்கு அவரை ரெண்டுல ஒண்ணு கேட்டுடறேன்.”

மரியபுஷ்பம் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம்டி. அவரை ஒண்ணும் கேக்காதே. நானேதான் கேட்டு வாங்கிக் குடிச்சேன். மாதா சத்தியமா.”

“பொய் சொல்லாதே மம்மி.”

அதற்குள் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு பெர்னார்ட் உள்ளே வந்தார். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கையில் இருந்த பால் பாக்கெட்டின் முனையைக் கத்தரித்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பைப் பற்ற வைத்தார்.

“டாடி!” என்று சத்தமாக ஆரம்பித்தாள் நிம்மி.

அவர் உதட்டின் மேல் விரலை வைத்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“இரும்மா, அப்புறம் பேசலாம். மம்மி பாவம், காலையிலேர்ந்து இன்னும் ஒரு காபிகூடக் குடிக்கல.”