நாற்பத்திரண்டாம் பக்கம்

கல்லூரிப் படிப்புக்கு யார் தகுதி என்று அளக்கும் தேர்வை வகுத்தவர் பேராசிரியர் இன்னாசிமுத்து. எளிதில் தொடங்கிக் கடினத்தில் முடியும்படி, பக்கத்துக்கு ஒரு கேள்வியாக அச்சிட்ட புத்தகம் அது. எந்தக் கேள்வி வரை எழுதினால் தேர்ச்சி என்று பதினோரு ஆசிரியர்கள் மூன்று நாள் சண்டை போட்டார்கள். கடைசியில் ஒரு பக்கத்தில் பஸ் டிக்கெட்டைச் செருகிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். அறையில் தனியாக இருந்த இன்னாசிமுத்துவின் முழங்கை பட்டுப் புத்தகம் கீழே விழுந்தது. டிக்கெட் தனியாகக் கிடந்தது. பக்க எண்ணை யாரும் குறித்து வைக்கவில்லை. உத்தேசமாக நாற்பத்திரண்டில் செருகினார். திரும்பி வந்தவர்கள் ஏப்பம் விட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள்.

நாற்பத்திரண்டு ஏன் சரி என்று இருபத்தாறு வருடம் கட்டுரை எழுதினார். அதற்குக் கீழே எடுத்த ஒருவர்கூடப் பட்டம் வாங்கவில்லை என்பதுதான் அவருடைய பெரிய ஆதாரம். அவர்களைத்தான் எந்தக் கல்லூரியும் சேர்க்கவில்லையே!

ஓய்வு பெறும் நாளில் டைப்பிஸ்ட் செண்பகம் அவருடைய அலமாரியை ஒழித்துக் கொடுத்தாள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துத் தூசி தட்டியபோது டிக்கெட் விழுந்தது.

“ஐயையோ, அடையாளம் விழுந்துடுச்சு சார்.”

“பரவால்லம்மா. எங்கயாவது வை.”

“எங்கயாவதா?”

அவள் தேடவில்லை. நாற்பத்திரண்டாம் பக்கத்தைத் திறந்து, டிக்கெட்டைச் செருகி, மடிப்பு விழாமல் விரலால் நீவிவிட்டாள்.

“நான் நாப்பது எடுத்தவ சார்,” என்று புத்தகத்தை நீட்டினாள்.

அவர் கை உடனே நீளவில்லை.