முன்னே போனவர்

பிணவறை அலுவலகத்துக் குமாஸ்தா படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். மின்விசிறிக் காற்றில் தாளின் மூலை படபடத்தது. தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து அதன்மேல் பாரமாக வைத்தார்.

"இந்த வரியை வாசிச்சுட்டுக் கீழ கையெழுத்து போடுங்கம்மா."

'மேற்படி பிரேதத்தைப் பெற்றுக்கொண்டேன்.'

ஒரே வரிதான். அவளால் அதைத் தாண்ட முடியவில்லை.

இருபத்தாறு வருடமாக அகராதி அலுவலகத்தில் வேலை பார்ப்பவள் அவள். யாராவது திட்டினால்கூட அந்த வசவுக்கு வேர்ச்சொல் தேடுவாள் என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டலடிப்பார்கள். போன மாதம்தான் இந்தச் சொல்லுக்குப் பொருள் எழுதி முடித்திருந்தாள்.

பிரேதம். வடமொழியிலிருந்து வந்தது. 'பிர' என்றால் முன்னே. 'இத' என்றால் போன. முன்னே போனவர்.

அவ்வளவுதான் அந்தச் சொல். பேயும் நடுக்கமும் பிற்பாடு ஆட்கள் அதன் தலையில் கட்டியவை.

காலையில் போன் வந்ததிலிருந்து அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அண்ணன் வண்டி பேச வெளியே போயிருந்தார்.

"பிரேதம்னா என்ன அர்த்தம் தெரியுமா?" என்று கேட்டாள். பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல் இருந்தது குரல்.

குமாஸ்தா நிமிர்ந்தார். "தெரியலைம்மா. பதினஞ்சு வருஷமா இதுல முத்திரை குத்துறேன். யாரும் கேட்டதில்லை."

"முன்னால போனவங்கன்னு அர்த்தம். மூத்தவங்களுக்குச் சொல்லலாம்." படிவத்தில் அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தாள். "இங்க சரிவராது."

பேனாவை எடுத்தாள். 'மேற்படி பிரேதத்தைப்' என்ற இரண்டு சொற்களையும் ஒரே கோட்டில் அடித்தாள். மேலே இரண்டு சொற்கள் எழுதினாள். கடைசியில் வரும் 'ப்' என்ற ஒற்றைக்கூட விடவில்லை.

'என் மகளைப் பெற்றுக்கொண்டேன்.'

குமாஸ்தா அதை இரண்டு முறை வாசித்தார். அடித்தல் திருத்தல் கூடாது என்று அவர் தலைக்கு மேலேயே ஒட்டியிருந்தது.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அடிச்ச இடத்துல ஒரு சின்னக் கையெழுத்து போட்டுடுங்கம்மா."

போட்டாள்.