புதுக் கறுப்புப் பெயிண்ட்

படகுகளைக் கடலிலிருந்து மணலுக்கு இழுக்கப் பழைய டீசல் ஜீப் ஒன்று தேடி, தீனா தண்டையார்பேட்டை ஷெட்டுக்கு வந்திருந்தான். வண்டி காலை வாரினால் அவன் தொழிலே போய்விடும்.

"வண்டி பூ மாதிரி கீது நைனா," என்றார் தரகர் நீலமேகம்.

பக்கத்தில் நின்ற செங்கொடி பானெட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"சூடா கீது தம்பி. நீ வர்றதுக்கு முன்னாலயே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காரு. ஆறின இன்ஜின் அவ்ளோ சீக்கிரம் கெளம்பாது."

"கொஞ்சம் கம்முனு இரும்மா," என்று நீலமேகம் முறைத்தார்.

அவள் குனிந்து வண்டியின் அடிச்சட்டத்தை ஸ்பேனரால் தட்டினாள். புதுக் கறுப்புப் பெயிண்ட் உதிர்ந்து துரு தெரிந்தது.

"உப்புத் தண்ணில நின்ன வண்டி. இங்க வெல்டிங் வெக்கணும்."

தீனா பெருமூச்சு விட்டான். "நல்லவேளை சொன்னக்கா. நீயும் வாங்க வந்தியா?"

"விக்க வந்தேன். வண்டி என்னுது. பெயிண்ட் அவரு வேல, என்னக் கேக்காம அடிச்சிட்டாரு. எண்ணூர்ல எங்க குப்பத்துப் படகு பூரா இழுத்த வண்டி. அதுக்குப் பொய் இன்னாத்துக்கு?"

தரகர் தலையில் கை வைத்தார். செங்கொடி ஸ்டீயரிங் முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"குறையெல்லாம் சொல்லிட்டேன். இனிமே நல்லதுதான் பாக்கி. ஏறு, மணல்ல நாலு சக்கரமும் எப்டி இழுக்குதுன்னு காட்றேன்."

தீனா ஏறிக்கொண்டான்.