சைனாடவுன் பூ

லண்டன் சைனாடவுன் கடையில் சுபாஜினி ஒரு சிவப்புப் பட்டுப் பூவை எடுத்துக் காட்டினாள். கொண்டையில் குத்துகிற பூ. அதன்மேல் நீல இனாமலில் ஒரு வண்ணத்துப்பூச்சி.

"துணிப்பூவோ? நாளைக்குக் கலியாணத்திலை சனம் என்ன கதைக்கும்?" என்றாள் அம்மா தவநாயகி.

"துணிப்பூ எண்டபடியாத்தான் அம்மா, ஒருத்தரும் கதைக்கேலாது."

"யார் மணப்பெண்?" என்று கடைக்காரச் சீனப் பெண்மணி ஆங்கிலத்தில் கேட்டாள். சுபாஜினி தன்னைக் காட்டினாள்.

"பதினெட்டுப் பவுண்ட். கையால் செய்தது, வாடவே வாடாது."

"வாடாதென்றால் நான் திரும்பி வரப்போவதில்லை. இந்த ஒரு தடவையாவது குறைத்துக் கொடுங்கள்" என்று தவநாயகியும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வாசல்வரை நடந்தாள். வாசலைத் தாண்டவில்லை. பேரம் தெரிந்தவர்கள் தாண்டுவதில்லை. பன்னிரண்டுக்குப் படிந்தது.

மறுநாள் ஆர்ச்வே முருகன் கோயிலுக்கு மணப்பெண் தலை நிறைய மல்லிகையோடு வந்தாள். சீனப் பூ, பின்னால் வந்த தவநாயகியின் கொண்டையில் இருந்தது.

தவநாயகியின் அக்கா கமலாம்பிகை ஓடிவந்து அவளை ஓரமாக இழுத்தாள். "மனுசன் போய்ச் சேந்து ஆறு வருசம். உனக்குத் தலையிலை பூக் கேக்குதோடி?"

"பூ எண்டு ஆர் சொன்னது அக்கா? தொட்டுப் பாருங்கோ. துணி."

கமலாம்பிகை தொட்டுப் பார்த்தாள். மோந்தும் பார்த்தாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தாள். தன் கணவர் போனதிலிருந்து பதினான்கு வருடமாக வெறுங்கொண்டையோடு நடமாடியவள், குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"உதிலை மஞ்சள் நிறமும் கடையிலை வச்சிருக்கினமோ?"