காலிக் கட்டம்

என் நாட்குறிப்புகளை இணையதளமாக்க மூன்று கருவிகளைப் பார்த்தேன். இரண்டில், நான் எழுதாத நாள்கள் நாள்காட்டியில் பொக்கை வாய் போலக் காலியாகத் தெரிந்தன. மூன்றாவது எந்த நாளையும் காலியாக விடாதாம். புத்தி கெட்டுப்போய் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

மறுநாள் தளத்தைப் பார்த்துவிட்டு நாத்தனார் புஷ்கலா அழைத்தாள். “எங்கண்ணன் பொணமா கெடந்த அன்னிக்கு உங்களுக்கு மனசு நெறஞ்சுதா, அண்ணி?”

திறந்து பார்த்தேன். கணவர் இறந்த அன்று நான் ஒரு வரிகூட எழுதவில்லை. கைபேசியில் கிடந்த படங்களைப் பார்த்துக் கருவியே எழுதியிருந்தது: ‘வீடு நிறையப் பூ. சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மனம் நிறைந்த நாள்!’

“சத்தியமா நான் எழுதல, புஷ்கலா.”

“த்தூ!” என்று வைத்துவிட்டாள்.

அந்த வரிகளை அழித்தேன். அடுத்த நொடியே அந்தக் கட்டம் மறுபடி நிரம்பியது. இன்றைய கட்டமும் நிரம்பியிருந்தது: ‘நாத்தனாரோடு மனம்விட்டுப் பேசினேன்.’