கம்பியில் தொங்கிய மாப்பிள்ளை

ஸுஹைனாவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் றிஸான் கம்பியைப் பிடித்தான். அவள் முக்காட்டின் நுனியைக் கடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"அங்க என்னத்தப் பாக்குறாய்? அவள் வந்து தூக்கி விடுவாளெண்டா? ஏறுடா!" என்று கத்தினார் ஹமீட்.

ஹமீட் றிஸானின் தாய்மாமன், ஸுஹைனாவின் வாப்பா. ஏறாவூரில் தன் பழைய வீடு இருந்த வாவிக்கரை வளவிலேயே மகளுக்கென்று வீடு கட்டிக்கொண்டிருந்தார். பூசி முடியாத அந்த வீட்டின் இரண்டு தூண்களுக்கு நடுவில், தன் ஹாட்வெயார் கடையிலிருந்து ஓர் இரும்புக் குழாயைக் கொண்டுவந்து அவரே பூட்டியிருந்தார்.

பிள்ளைகள் இரண்டும் தொட்டிலில் கிடந்தபோதே பேசி வைத்த கலியாணம் இது. ஆனாலும் உத்தியோகம் இல்லாதவனுக்கு மகளைக் கொடுக்கமாட்டேன் என்று ஹமீட் ஒற்றைக் காலில் நின்றார். றிஸான் ஆமிக்குப் போவதாகச் சொன்னதும்தான் கொஞ்சம் இறங்கி வந்தார். வெள்ளிக்கிழமை ஆள் எடுக்கிறார்கள். கம்பியில் தொங்கி ஏறும் புல்அப் பத்துத் தரம் எடுக்காதவனை வாசலோடு திருப்பிவிடுவார்களாம்.

"அங்க போய் என்ட மானத்த வாங்க முன்னுக்கு, இஞ்ச எடுத்துக் காட்டு" என்று இன்று அழைத்திருந்தார். அசர் தொழுதுவிட்டு வந்த கூட்டாளிகள் மூன்று பேரையும் கதிரை போட்டு இருத்தியிருந்தார். றிஸானின் உம்மா ஆமினா ஒரு மூலையில் நின்றார்.

றிஸான் ஒரு தரம் ஏறினான். இரண்டாம் தரம் பாதியில் நின்றான். கால்கள் காற்றில் உதைத்தன, தோள்கள் நடுங்கின. கீழே குவித்திருந்த மணலில் தொப்பென்று விழுந்தான்.

"கருவாட்டுக்குக் காயப்போட்ட மாதிரித் தொங்குறான்!" ஹமீட் கூட்டாளிகளைப் பார்த்துச் சிரித்தார். "இவனக் காவலுக்கு நிப்பாட்டினா நாடு வெளங்கிரும்."

எழுந்தவனின் கையைப் பிடித்து விரித்துக் காட்டினார். "இஞ்ச பாருங்க, உள்ளங்கை பூராக் காய்ப்பு. வேல செஞ்சு வந்ததெண்டு நெனச்சிராதீங்க. மோட்டசைக்கிள் ஹேண்டிலப் புடிச்சு ஊர் சுத்தி வந்த காய்ப்பு!"

கதிரைகள் குலுங்கின. றிஸான் தலை நிமிரவில்லை.

"பிஸ்மி சொல்லி இன்னொருக்கா ஏறு மகன்" என்றார் ஆமினா. குரல் உடைந்திருந்தது.

அவன் ஏறினான். மூக்கு கம்பியைத் தொட்டது. கூட்டாளிகளில் ஒருவரான பக்கீர் ஹாஜியார் கதிரை நுனிக்கு வந்துவிட்டார். அடுத்த கணம் பிடி நழுவி, மல்லாக்க விழுந்தான். வாயெல்லாம் மணல்.

ஆமினா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். றிஸான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மணலோடு சேர்த்து எதையோ விழுங்கினான்.

ஹமீட் எழுந்தார். "போதும். தன்ட உடம்பையே தூக்க ஏலாதவன் என்ட மகளத் தூக்கி நிப்பாட்டப் போறானா? இந்தக் கலியாணம் இல்ல."

"அவசரப்படாதீங்க ஹமீட்" என்றார் பக்கீர் ஹாஜியார். "வெள்ளிக்கிழமை எடுத்தாங்கண்டா?"

"ஜெனரலாவே எடுக்கட்டும், எனக்கு வேணாம்! உங்க மூணு பேருக்கும் முன்னுக்குச் சொல்றன், சொன்னது சொன்னதுதான். என்ட புள்ளைக்குக் கெம்பஸ் கெடச்சும் இந்த வெத்துப்பயலுக்காக மறிச்சு வெச்சிருந்தன். இனி அவள் போகட்டும், படிக்கட்டும். படிச்ச ஒருத்தன் தேடி வருவான்."

கதவோரம் ஒரு விம்மல் கேட்டது. ஸுஹைனா முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ஹமீட் அக்காவிடம் வந்தபோது மட்டும் குரல் தணிந்தது. "ராத்தா, உங்களோட எனக்கு ஒரு கோவமும் இல்ல. எப்பயும் போல வாங்க, போங்க. இவன மாப்பிள்ளையெண்டு மட்டும் கூட்டி வராதீங்க."

தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆமினா தலையாட்டினார். இதனால் கூடப்பிறந்தவனோடு பகையாகிவிடுமோ என்றுதான் அவர் பயந்திருந்தார். அது நடக்கவில்லை. குற்றம் முழுதும் மகன் தலையில்தான் விழுந்தது.

மஃரிபுக்குப் பாங்கு கேட்டது. ஆண்கள் பள்ளிக்குப் போனார்கள். போகிற போக்கில் ஒருவர் "சோத்துமாடு" என்றது றிஸானின் காதில் நன்றாகவே விழுந்தது. ஆமினா தொழுவதற்காகப் பழைய வீட்டுக்குள் போனார்.

வளவில் றிஸான் மட்டும் நின்றான். உம்மா அழுதது நெஞ்சை விட்டுப் போகவில்லை. சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டினான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கம்பியை எட்டிப் பிடித்தான்.

உடம்பு மேலே போனது. நாடி கம்பியைத் தாண்டியது. இறங்கினான், ஏறினான். மூச்சு இரைக்கவில்லை, கால் உதறவில்லை. பத்தைத் தாண்டியும் நிற்காமல், அழுகையும் ஆத்திரமும் கைக்கு வந்ததுபோல ஏறிக்கொண்டே இருந்தான்.

"மச்சான்."

தண்ணீர்ச் செம்போடு ஸுஹைனா நின்றாள். அவன் இறங்கி வந்து செம்பை வாங்கினான். அவள் பள்ளிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் மெல்லச் சொன்னாள்:

"நாம பேசி வெச்சத விட நல்லாவே விழுந்தீங்க."